எஃப்புக்கு அடுத்து க்யூ

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். அங்கே நீயும் அத்தானும் எப்படி? ஞாயிற்றுக்கிழமை அம்மா தொலைபேசியை என் கைக்குத் தரவே இல்லை. கேட்க நினைத்ததெல்லாம் கடிதத்துக்கு வந்துவிட்டது. விடுதிக் காலத்திலிருந்தே நமக்கு இதுதானே தோது. அலுவலக முகவரிக்கே எழுது. வீட்டுக்கு வரும் உறையை யார் முதலில் பிரிப்பார்கள் என்பது உனக்குத் தெரியும்.

புது வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்றின் பழைய பதிப்பைத் திருத்துகிறோம். சுவர் நீளத்துக்கு மரப் பெட்டிகள், எழுத்துக்கு ஒன்று. பெட்டிக்குள் சொல்லுக்கு ஓர் அட்டை. என் பங்கு பழைய காலத்துச் சொற்கள். அந்தச் சொல்லை இன்றைக்கும் யாராவது பேசுகிறார்களா என்று தேட வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவர் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் கிடைத்தால்கூடப் போதும், சொல் பிழைத்துவிடும். கிடைக்காவிட்டால் அதன் தலைமாட்டில் சின்னதாக ஒரு குறுவாள் வரைவோம். வழக்கொழிந்தது என்று பொருள்.

தலைமை ஆசிரியருக்கு இங்கே வைத்திருக்கும் பெயர் கத்தரி. சொற்களை வெட்டுவதால் மட்டுமல்ல, நடையும் அப்படித்தான். ஒரு பெட்டியை முடித்து அவர் கையெழுத்துப் போட்ட பிறகே அடுத்ததைத் தொடலாம். "படிக்கிறவங்க எங்க வேணா திறக்கலாம்மா. எழுதுறவங்க வரிசையாத்தான் வரணும்" என்கிறார்.

நான் டி-யில் இருக்கிறேன். நேற்று 'டிராப்ஸி' வந்தது. நீர் கோத்து உடம்பு வீங்குவதற்கு அந்தக் காலத்துப் பெயர். குறுவாள் போட்டேன். நோய் அப்படியே இருக்க, பெயர் மட்டும் செத்துப்போவது விசித்திரமாக இருக்கிறது.

போன வருடத்தைப் பற்றி நான் கேட்கமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
குட்டி


ஜனவரி 28

அன்புள்ள குட்டிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்களும் பழைய பாகத்தைத் தூக்கிப் போடும் முன் உயிர் இருக்கிறதா என்று இரண்டு தட்டுத் தட்டித்தான் பார்ப்பார்களாம்.

என் வேலையில் மாற்றமில்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில், விளக்கை அணைத்துவிட்டு, வருகிறவர்களிடம் நாள் முழுக்க "இது தெளிவா இருக்கா, இல்ல அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பெரியவர் மட்டும் மூக்குக் கண்ணாடியை 'ஸ்பெக்டகிள்ஸ்' என்றுதான் சொல்வார். அதற்குக் குறுவாள் போட்டுவிடாதே. அவர் மனது நோகும்.

பின்னறைக்கு ஒரு முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். நின்றுகொண்டே சோதித்தால் கால் வலிக்கிறது, வேறொன்றுமில்லை. அம்மாவிடம் முக்காலியைப் பற்றிச் சொல்லாதே, அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருப்பாள்.

இன்னும் சொற்கள் அனுப்பு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள மச்சினிக்கு,

நான் சுகம். உன் அக்காவும் சுகம். அந்தச் சுகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை லிஃப்டுக்குள் தள்ளி இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிடுவாள். அதைச் சரிசெய்கிற ஆளும் நானே என்பதால் வெளியே வர வழியில்லை.

அவள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். மூன்றாவது மாதம்.

முந்திய இரண்டு தடவையும் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். உறுதியான அன்றே உன் அம்மாவிடம் சொன்னோம். அத்தை சந்தோஷத்தில் தெரு முழுக்கச் சொன்னார்கள். நான்காவது மாதம் தாண்டவில்லை. வாழ்த்திய வாயெல்லாம் ஆறுதல் சொல்ல வந்தது, ஒவ்வொரு ஆறுதலுக்கும் இவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை பிள்ளை அசைவதைத் தானே உணரும் வரை யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறாள். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது. "போன ரெண்டு தடவையும் அதேதான் சொன்னாங்க" என்கிறாள்.

ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும் போலிருந்தது. நீ அமுக்கமான ஆள், அதனால் உன்னிடம். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அடிக்கடி எழுது. உன் செத்துப்போன சொற்களைப் படித்துவிட்டு அவள் சிரிக்கிறாள். இந்த வீட்டில் அது இப்போது கிடைக்காத சரக்கு.

படித்ததும் கிழித்துவிடு.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். கால் வலி குறைந்ததா? முக்காலி போதாது, முதுகு சாய்கிற நாற்காலியாக ஒன்று வாங்கிக்கொள். யாருக்கும் நல்லதுதானே, அதற்காகச் சொன்னேன்.

எஃப் திறந்தாயிற்று. 'ஃபெய்ன்' என்றொரு சொல். மனமார, ஆசையோடு என்று பொருள். உன்னைப் பார்க்க மனமார வருவேன் என்று சொல்ல அந்தக் காலத்தில் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். ஒரு வாக்கியமும் கிடைக்கவில்லை. மனமாரச் செய்வது குறைந்துவிட்டதா, அதை வாய்விட்டுச் சொல்வது குறைந்துவிட்டதா, தெரியவில்லை. அடுத்து 'ஃபோர்சூத்'. ஒரு காலத்தில் மெய்யாகவே என்று பொருள். பிறகு எல்லோரும் அதைக் கிண்டலுக்கே சொல்லிச் சொல்லி மரியாதை போய்விட்டது. நாம் "ஆமாமா, பெரிய இவரு" என்கிற மாதிரி. ஒரு சொல்லை நம்பாமலே திரும்பத் திரும்பச் சொன்னால் அது இப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.

'ஃபோர்ட்நைட்' பிழைத்துவிட்டது. பதினான்கு இரவு என்பதன் சுருக்கம். "நம்ம ஆளுங்க விண்ணப்பம் எழுதுற வரைக்கும் அதுக்குச் சாவு கிடையாது" என்றார் கத்தரி.

அம்மா போன ஞாயிறு உன்னோடு பேசி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "ஒண்ணுமில்ல, அவ குரல் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நீ ஒன்றும் எழுத வேண்டாம். நானே எழுதுகிறேன்.

அன்புடன்,
குட்டி


மார்ச் 6

அன்புள்ள குட்டிக்கு,

நலம். பென்சிலில் எழுதியிருக்கிறேனே என்று பயப்படாதே. படுத்துக்கொண்டு எழுதினால் பேனா மக்கர் பண்ணுகிறது. முதுகுப் பிடிப்பு, அவ்வளவுதான். கடைக்கு விடுப்புச் சொல்லியிருக்கிறேன். அத்தான் சமைக்கிறார், நான் அதைச் சாப்பிடுகிறேன். இரண்டில் எது வீரம் என்று நீயே சொல்.

படுக்கைக்கு நேர் மேலே கூரையில் ஒரு விரிசல் இருக்கிறது. இத்தனை நாள் இருந்தும் நான் பார்த்ததில்லை. இப்போது அதன் ஒவ்வொரு வளைவும் மனப்பாடம்.

வேறொன்றுமில்லை. வேறொன்றுமே இல்லை.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். நீளமாக எழுது.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் முதுகு எப்படி இருக்கிறது? அசையாமல் படுத்திரு. அத்தான் சமையல் யாரையும் கொன்றதாக இதுவரை தகவல் இல்லை.

இன்றைக்கு ஒரே ஒரு சொல். 'க்விக்'. இப்போது அதற்கு வேகம் என்றுதான் பொருள். ஆதியில் உயிருள்ளது என்று பொருள். பாதரசத்துக்கு ஆங்கிலத்தில் உயிருள்ள வெள்ளி என்றே பெயர், தட்டில் விட்டால் ஓடுவதால். நகத்துக்கு அடியில், தொட்டால் சுரீர் என்கிற சதை இருக்கிறதே, அதற்கும் இதே பெயர். இதிலிருந்து வந்ததுதான் 'க்விக்கனிங்'. வயிற்றிலிருக்கும் பிள்ளை அசைவதைத் தாய் முதன்முதலாக உணர்வது.

அப்போது கருவிகள் இல்லை. அவள் வாயால் சொன்னால்தான் உண்டு. மருத்துவரும் சட்டம் படித்தவர்களும்கூட அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

மருத்துவப் பாடநூல்களில் சொல் இன்னும் இருக்கிறது. ஆனால் பேசுகிறவர் வாக்கியம் இல்லாமல் கத்தரி விடமாட்டார். பழைய பதிப்பு இதற்குச் 'சூலசைவு' என்று தமிழ் எழுதியிருக்கிறது. எந்தத் தாய் அப்படிச் சொல்வாள்? குறுவாள் வரைய எனக்குக் கை வரவில்லை. பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டு மூடிவிட்டேன்.

அந்த அசைவு சிறகடிப்பது போல இருக்கும் என்கிறார்கள். மீன் திரும்புவது போல என்றும் சொல்கிறார்கள். சிலருக்கு ஐந்தாம் மாதம் வரைகூடத் தெரியாதாம். அதில் கவலைப்பட ஒன்றுமே இல்லையாம்.

முதுகைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
குட்டி


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தானுக்கு,

நலம்தானே? இதையும் நலம் என்று தொடங்கத்தான் வேண்டியிருக்கிறது.

அக்காவிடமிருந்து பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களே எடுத்து, "அவ தூங்குறா" என்கிறீர்கள். அம்மாவும் "சரி, தூங்கட்டும்" என்று வைத்துவிடுகிறாள். அவள் இவ்வளவு சுலபமாக விடுவது எனக்கு அதைவிடப் பயமாக இருக்கிறது. நானாகக் கூப்பிடலாமென்றால், என்ன கேட்பது? தெரியாதவள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுகூட மிச்சமில்லை.

நான் கடைசியாக எழுதியது அவளைப் புண்படுத்திவிட்டதா? அல்லது புண்பட வேறு காரணம் வந்துவிட்டதா?

நீளமாக எழுத வேண்டாம். இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

குட்டி


ஏப்ரல் 5

அடி குட்டி,

அத்தானுக்கு வந்த உறையை நான்தான் பிரித்தேன். நானும் அம்மா பெண்தானே.

பிப்ரவரிக் கடிதத்தில் எஃப் திறந்தாயிற்று என்று எழுதினாய். மார்ச்சில் க்யூவைப் பற்றி எழுதுகிறாய். எழுதுகிறவர்கள் வரிசையாத்தான் வர வேண்டும் என்று சொன்னது யார்? நடுவில் பத்து எழுத்து இருக்கிறதே, அவையெல்லாம் எங்கே போயின? பாதிக் கடிதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அத்தானைக் கூப்பிட்டு, "எஃப்புக்கு அடுத்து என்ன எழுத்துங்க" என்று கேட்டேன். யோசிக்காமல் ஜி என்றார். "உங்க மச்சினிக்கு க்யூவாம்" என்றேன். மனிதர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு அவருக்கு வார விடுமுறை.

கோபம்தான். அதை ஒன்றையாவது என் கைக்குள் மூடி வைத்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். விரலைப் பிரித்துப் பார்த்துவிட்டீர்களே என்றிருந்தது.

ஆனால் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் முழுக் காரணமில்லை. எனக்கு முதுகுப் பிடிப்பு இல்லை. மார்ச் தொடக்கத்தில் இரத்தம் பட்டது. சில நாளில் நின்றுவிட்டது. இருக்கிறதா, இல்லையா என்று நீ கேட்டிருக்கிறாய். நானும் கூரையைப் பார்த்துக்கொண்டு அதையேதான் கேட்கிறேன். ஸ்கேன் இருக்கிறது என்கிறது. மருத்துவர் எழுந்து நடமாடலாம் என்கிறார். எனக்கு இன்னும்

ஏப்ரல் 11

அந்த வரியை முடிக்காமலே வைத்துவிட்டேன். இனி முடிக்க வேண்டியதில்லை.

நேற்று கடைக்குப் போனேன், அரை நாள் மட்டும். ஸ்பெக்டகிள்ஸ் பெரியவர் வந்திருந்தார். விளக்கை அணைத்து, வில்லையை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது உள்ளே ஏதோ தட்டியது. சிறகும் இல்லை, மீனும் இல்லை. உன் புத்தகக்காரர்கள் யாரும் பிள்ளை பெற்றவர்கள் இல்லை போலிருக்கிறது. நமக்குச் சில சமயம் கண்ணிமை தானாகத் துடிக்குமே, அது மாதிரி. இது வயிற்றுக்குள்.

நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் தட்டியது.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தாம்மா இருக்கு" என்றார் பெரியவர்.

"இல்லைங்க சார், தெளிவா இருக்கு" என்றேன்.

அவரை முதலிலிருந்து சோதிக்க வேண்டியதாகிவிட்டது. பாவம், பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

வாக்கியம் வேண்டும் என்றாயே, எழுதிக்கொள்: "ஒரு கஸ்டமருக்குக் கண் டெஸ்ட் பண்ணிட்டிருந்தப்ப எனக்கு க்விக்கனிங் வந்துச்சு." சொல் அவர்களுடையது, மற்றதெல்லாம் நம்முடையது. உங்கள் கத்தரி ஒத்துக்கொள்வாரா?

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று இந்தத் தடவை மனமார எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பெட்டிகள் இருக்கும் அறையில் நின்றபடி படித்தேன். ஏப்ரல் 5-இன் கடைசி வரி பாதியில் நின்ற இடத்தில் பக்கம் முடிந்திருந்தது. திருப்பக் கை வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டுதான் திருப்பினேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், நன்றாக.

அதே அறையில் மறுநாள் மாட்டிக்கொண்டேன். கத்தரி எல்லோரையும் கூப்பிட்டு, க்யூ பெட்டியில் யாரோ பென்சில் புள்ளி வைத்திருக்கிறார்கள், க்யூவுக்கு இங்கே இன்னும் யாரும் வரவில்லையே என்றார். நான்தான் என்றேன். தனியே அழைத்துப் போனார். விளக்கம் சொல்வதற்குப் பதில் உன் வாக்கியத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி நீட்டினேன்.

படித்துவிட்டு, இது ஆங்கில வாக்கியம் இல்லையே என்றார். சொன்னவர் உயிரோடு இருக்கிறார், சொல்லும் அதே பழைய பொருளில் நிற்கிறது என்றேன். மறுபடி படித்தார்.

"இவங்களுக்கு இப்ப எத்தனை மாசம்மா?"

அகராதிக்கு அது தேவையில்லை. ஐந்தாவது என்றேன்.

"பாரம் தூக்க வேணாம்னு சொல்லு" என்றார். அப்புறம் செருமிக்கொண்டு பழைய கத்தரியாகிவிட்டார். அச்சில் வர வேண்டுமானால் சொன்னவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். பெயர் வேண்டாம், தொழில் போதும். வரிசை மீறியதற்காக எனக்கு ஹெச் முழுவதும் தனியாகச் செய்ய வேண்டிய தண்டனை.

நான் உன்னிடம் சம்மதம் கேட்கவில்லை. சேதியைத்தான் சொல்கிறேன். கைக்குள் மூடி வைத்திருந்ததை ஒரு தடவை பிரித்தாயிற்று, இன்னொரு தடவை நான் செய்யமாட்டேன்.

அன்புடன்,
குட்டி


மே 8

அன்புள்ள குட்டிக்கு,

நலம். இருவரும் நலம் என்று எழுதிப் பார்த்தேன், அத்தானையும் சேர்த்து மூவர் என்று திருத்தச் சொல்கிறார்.

நீ வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா ஒரு விஷயம் என்றேன். சொல்லு என்றாள். அஞ்சு மாசம் முடியப்போகுது என்றேன். பெருமூச்சு விட்டாள், காதில் காற்றடித்தது.

"அப்பாடா, இப்பவாவது சொன்னியே. ஜனவரியிலேர்ந்து வாயைக் கட்டிப் போட்டிருக்கேன்டி."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பேசும்போது நான் நடுநடுவில் நிறுத்தி எச்சில் விழுங்கினேனாம், முந்திய இரண்டு தடவையும் அப்படித்தான் செய்தேனாம். ரெண்டு பெத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்றாள். யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன்.

"செவுத்துக்கிட்டகூடச் சொல்லல. போன தடவை நான் சொன்னவங்களுக்கெல்லாம் நீதானே பதில் சொன்ன. இந்தத் தடவை உன் வாயால வரட்டும்னு இருந்தேன்."



ஒரே விஷயத்தை நாம் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறோம். நடுவில் அத்தானுக்கு மட்டும் ஓட்டைவாய் என்ற கெட்ட பெயர்.

சம்மதம் இப்போது இல்லை, குட்டி. பயம் குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. அச்சில் வந்தால் அழிக்க முடியாது. பிறந்த பிறகு கேள்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 23

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா நாளை மறுநாள் புறப்படுகிறாள். பெட்டியை மூன்று தடவை கட்டி மூன்று தடவை அவிழ்த்தாயிற்று. உன் வீட்டில் கரண்டி இருக்குமா என்று நேற்றுக் கேட்டாள்.

ஜி-யில் வந்த ஒரு சொல்லை உனக்கு எழுதாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதலாம். 'காஸிப்'. வம்பு என்றுதானே நினைக்கிறோம். பழைய நாளில் அது பிள்ளைப்பேற்றின்போது கூட இருக்கும் தோழிகளுக்குப் பெயர். அவர்கள் அறையில் உட்கார்ந்து விடிய விடியப் பேசிக்கொண்டிருந்ததால் பேச்சுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப என் பேரை அகராதியிலேயே போட்டுட்டாங்களா" என்று கேட்டுவிட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டாள்.

இப்போது ஓ-வில் இருக்கிறேன், இந்தத் தடவை முறைப்படி. 'ஓவர்மாரோ'. நாளை மறுநாள். ஒரே சொல்லாக வைத்திருந்ததைத் தொலைத்துவிட்டு இப்போது மூன்று நான்கு சொல் சேர்த்துச் சொல்கிறார்கள். நமக்கு அந்த நாள் இல்லாமல் முடியுமா? நாளைக்கு என்று ஆசைப்படத் துணிவில்லாதபோது நாம் நாளன்னிக்கு என்றுதானே சொல்கிறோம்.

கத்தரி ஒருநாள் விட்டு ஒருநாள் "அந்த வாக்கியம் எப்படி இருக்கு" என்று கேட்கிறார். வாக்கியம் நன்றாக இருக்கிறது, சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று சொல்கிறேன்.

உன் பதிலை எதிர்பார்க்கவில்லை. தகவலை மட்டும் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
குட்டி


செப்டம்பர் 19

அன்புள்ள சித்திக்கு,

அப்படித்தான் தொடங்க வேண்டுமென்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள். நான் நலம். உன் அக்கா மகளும் நலம். தொலைபேசியில் எல்லாம் கேட்டிருப்பாய், ஆனாலும் உனக்கு ஒரு கடிதம் எழுதாவிட்டால் நடந்தது நடந்த மாதிரி இல்லை.

பிறந்ததும் அவள் அழவில்லை. அதை நான் தொலைபேசியில் சொல்லவில்லை. செவிலி அவளைத் தலைகீழாகத் திருப்பி முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவருடைய முழங்கை மட்டும்தான் தெரிந்தது. அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழுதாள். அந்தக் கட்டிடத்தின் எல்லா மாடிக்கும் கேட்டிருக்கும். வெளியே நின்ற அத்தான், லிஃப்டின் அபாய மணி என்று நினைத்து ஓடியிருக்கிறார்.

அம்மா இத்தனை மாதம் சேர்த்து வைத்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். பக்கத்துப் படுக்கைகள், துடைக்க வருகிறவர்கள், வாசல் காவலாளி, ஒருவர் பாக்கியில்லை. சொல்லட்டும் என்று நானே சொன்னேன். அவர்கள் வந்து பார்க்கிறார்கள், நான் பதில் சொல்கிறேன். எனக்கு அலுக்கவில்லை.

கத்தரிக்கு எழுத்தில் வேண்டுமென்றாயே. இதை வெட்டிக் கொடு: நான் சொன்ன வாக்கியத்தை அச்சிடச் சம்மதிக்கிறேன். தொழில், கண் பரிசோதகர். தமிழில் சூலசைவு வேண்டாம். பிள்ளை உள்ளே துடிப்பது தாய்க்கு முதலில் தெரிவது என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரிப் போடுங்கள்.

இன்னும் இரண்டு பக்கம் எழுத நினைத்திருந்தேன். இதோ அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா தூக்கப் போனாள், நான்தான் ஒரு நிமிடம் இரு என்று தடுத்திருக்கிறேன். கொஞ்சம் கேட்டுவிட்டுப் போகிறேன்.

அக்கா